மெயின் கேட்ல நின்ன அக்காவுக்கு

அக்கா,

வர்ற ஞாயிறு டிசம்பர் 7, ஜப்பானிய மொழி எக்ஸாம் ஜே.எல்.பி.டி.ல என்-1 எழுதப் போறேன், என்-5ல ஆரம்பிக்கிற அஞ்சு லெவல்ல கடைசி, கஷ்டமானது. ஹால் டிக்கெட்டை நேத்து பிரிண்ட் எடுத்து டேபிள் மேல கவுத்து வச்சிட்டு, படிக்க வேண்டிய நேரத்துல உக்காந்து இதை எழுதிட்டு இருக்கேன். நீங்க பக்கத்துல இருந்திருந்தா இந்நேரம் பென்சிலால மண்டையில ஒரு தட்டு விழுந்திருக்கும்.

2019 டிசம்பர் 1, நாம ரெண்டு பேரும் என்-2 எழுதுன நாள். ரீடிங் ஓடிட்டு இருக்கும்போது நடந்ததை உங்களுக்கு நான் திருப்பிச் சொல்லப் போறதில்ல. அந்த அலாரம், வெளிய அனுப்புற அந்த சிவப்பு கார்டு, எல்லாம் என்னை விட உங்களுக்கு நல்லாவே தெரியும். நான் சொல்ல வந்தது அதுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு நடந்தது. அதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

மெசேஜ்ல சொல்லியிருக்கலாம்தான். உங்க பழைய நம்பர் இப்ப இல்ல, குரூப்ல இருந்து நீங்க போயும் வருஷக்கணக்காச்சு, நம்ம வாத்தியார் சென்செய்கிட்ட கேட்டா புது நம்பர் குடுப்பாரு, ஆனா எதுக்குன்னு கேப்பாரு. மிச்சம் இருக்கிறது இந்த பிளாக்தான். ஜப்பானிய சித்திர எழுத்து இருக்கே, அந்த கன்ஜிக்கு நோட்ஸ் போடுடான்னு நீங்க ஆரம்பிக்கச் சொன்னது, எப்பவாவது வந்து எட்டிப் பாக்குறீங்களோ என்னவோ. நம்ம பேட்ச் ஆளுங்களும் வருவாங்க. அவங்களுக்கு ஒன்னு: நான் பேர் போடல, தயவு செஞ்சு கமெண்ட்ல நீங்களும் போடாதீங்க. அக்காவுக்கு என்-2 ஏன் அவ்வளவு அவசரமா தேவைப்பட்டுச்சுங்கறதையும் இங்க எழுத மாட்டேன். அது அவங்க வீட்டு விஷயம்.

இப்ப ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு என்-4 சொல்லிக் குடுக்குறேன் அக்கா. சிரிக்காதீங்க. கோயில்னு அர்த்தம் வர்ற கன்ஜி ஒட்டிக்கிட்டு வர்ற அந்த கோயில் குடும்பத்தை அப்படியே உங்க ஸ்டைல்லதான் நடத்துறேன். மொட்சுவையும் மட்சுவையும் குழப்பிக்காத ஆளே கிடையாது, வலது பக்கம் ரெண்டுலயும் கோயில் கன்ஜி நிக்குது, இடது பக்கம் கை இருந்தா மொட்சு, பிடிச்சுக்கிறது, கைக்கு பதிலா தெருவுல நடக்குற அந்த மூணு கீத்து இருந்தா மட்சு, காத்துக்கிட்டு நிக்கிறது. அதே கோயிலுக்கு பக்கத்துல சூரியன் வந்தா நேரம், ஆள் வந்தா சாமுராய், பேச்சு வந்தா கவிதை, மாடு வந்தா ஸ்பெஷல். மாடு எப்படி ஸ்பெஷல்னு நான் கேட்டதுக்கு "கோயில் மாடு ஸ்பெஷல் இல்லாம வேற எதுடா ஸ்பெஷல்"னு கிளாஸே திரும்பிப் பாக்குற மாதிரி சொன்னீங்க. 2010ல எக்ஸாமை அஞ்சு லெவலா மாத்துனதுக்கு அப்புறம் இந்த கன்ஜிதான் வரும்னு அதிகாரப்பூர்வ லிஸ்ட்டே கிடையாது, என்-2க்கு ஆயிரம்னு எல்லாரும் சொல்றது ஒரு குத்துமதிப்புதான், அதனால நீங்களே ஒரு நோட்டுல குடும்பம் குடும்பமா பிரிச்சு எழுதி வச்சிருந்தீங்க. அந்த நோட்டோட ஜெராக்ஸ் இன்னும் என்கிட்ட இருக்கு. மட்சு வர்ற பக்கத்தை மட்டும் கொஞ்சம் வேகமா திருப்பிடுவேன். காரணத்துக்கு வர்றேன்.

அதுக்கு முன்னாடி அந்த "குரெரு" கிளாஸ். சென்செய் போர்டுல அம்புக்குறி போட்டுக்கிட்டே இருந்தாரு, நான் அடுத்தவங்களுக்கு குடுத்தா அகெரு, அடுத்தவங்க எனக்கு குடுத்தா குரெரு, வாங்குன பக்கம் இருந்து சொன்னா மொராவு, யாருக்கும் மண்டையில ஏறல. நீங்க என் நோட்டை இழுத்து ஓரத்துல எழுதுனீங்க: "தா, கொடு". தொல்காப்பியத்துலயே இருக்குடா, வர்றதும் தர்றதும் நம்ம பக்கம், போறதும் கொடுக்கிறதும் அந்தப் பக்கம்னு. நாமதான் பேச்சுல ரெண்டையும் ஒன்னாக்கிட்டோம், அவங்க இன்னும் பிரிச்சு வச்சிருக்காங்கன்னு சொன்னீங்க. எனக்கு தமிழ்ல அப்படி ஒன்னு இருக்குங்கறதே அன்னைக்குத்தான் தெரியும். ஓனோ சுசுமுன்னு ஒரு ஜப்பானிய அறிஞர் ரெண்டு மொழியும் சொந்தம்னு ரொம்ப வருஷமா சொன்னாரு, மொழியியல்காரங்க பெரும்பாலும் ஏத்துக்கல, நமக்கென்ன, நமக்கு மார்க் வந்தா சரி, இதுவும் நீங்க சொன்னதுதான்.

ஸ்டார் கேள்வியும் அப்படித்தான். நாலு துண்டு குடுத்து நாலு கோடு போட்டு, ஸ்டார் போட்ட கோட்டுல எது வரும்னு கேக்குறது. மத்தவங்க பேட்டர்ன் மனப்பாடம் பண்ணிட்டு இருந்தப்ப நாம ரெண்டு பேரும் வாய்க்குள்ள தமிழ்ல முணுமுணுத்தே போட்டோம், நேத்து அக்கா தந்த புக்கை படிச்சு முடிச்சிட்டேன், அதே வரிசை, ஒரு வார்த்தை இடம் மாத்த வேண்டியதில்ல. கடைசியில வர்ற அந்த "ட்டேன்"க்குக் கூட அவங்ககிட்ட ஒன்னு இருக்கு. தெ-ஷிமத்தா. முடிச்சிட்டேன்னும் வரும், ஐயோ இப்படி பண்ணித் தொலைச்சிட்டேனேன்னும் வரும்.

சரி. சைலன்ட் போதும்னு சொன்னது நான்தான்.

ஹால்ல "எல்லாரும் போனை ஆஃப் பண்ணுங்க"ன்னு மூணு தடவை சொன்னாங்க. நீங்க என்னைப் பாத்தீங்க, பிரேக்ல ஒரு கால் பண்ணணும்டா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அந்த பழைய போன் அஞ்சு நிமிஷம் எடுக்கும்னு சொன்னீங்க, நான் "சைலன்ட் போதும்க்கா, பைக்குள்ள அடியில போட்டுடுங்க"ன்னேன். தினமும் அந்த நேரத்துக்கு அடிக்கிற அலாரமும் நான் வச்சதுதான், கன்ஜி ரிவியூவுக்கு, நான்தான் உங்க போனை வாங்கி வச்சுக் குடுத்தேன். சைலன்ட்ல இருந்தாலும் அலாரம் அடிக்கும்னு எனக்கு அப்ப தோணல. சத்தியமா தோணல. ஆனா உங்களுக்கும் தோணலையே? கிளாஸ்ல எத்தனை ஞாயித்துக்கிழமை அது அடிச்சு சென்செய் முறைச்சிருக்காரு? உங்க போன், உங்க பை. மூணு தடவை சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க.

இப்படி எழுதுனா அசிங்கமா இருக்குன்னு தெரியுது. அழிக்கல.

நீங்க எனக்கு பின்னாடி சீட். ஒரே நாள்ல அப்ளை பண்ணதால வரிசை நம்பர். அடிச்சப்ப எனக்கு உடனே தெரிஞ்சிடுச்சு, டோனை நான்தான செலக்ட் பண்ணேன். குனிஞ்ச தலை நிமிரல. ஷூ சத்தம் வந்துச்சு, என்னைத் தாண்டிப் போச்சு, மெதுவா ஏதோ சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசல. பென்சிலை மேசையில வச்ச சத்தம், அப்புறம் சேர் பின்னாடி நகர்ற சத்தம். அவ்வளவுதான். "அலாரம் நான் வச்சது"ன்னு எந்திரிச்சு சொல்லியிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? போன் அடிச்சா வெளிய, யார் வச்சாங்கன்னு அங்க கேள்வியே கிடையாது, கூட நானும் வெளிய போயிருப்பேன். இந்த கணக்கை நான் அப்பவே, அங்கேயே, அந்த ரெண்டு செகண்ட்ல போட்டுட்டேன் அக்கா. அதுதான் இன்னும் உறுத்துது. அவ்வளவு வேகமா ஒரு ஸ்டார் கேள்வி கூட நான் போட்டதில்ல.

அதுக்கப்புறம் ஒரு வரி கூட ஓடல. சென்செய் சொன்ன மாதிரி 105 நிமிஷத்துல மொழி, இலக்கணத்தை 35ல முடிச்சிட்டு, ரீடிங்கை கடைசிப் பக்க நோட்டீஸ் கேள்வியில இருந்துதான் ஆரம்பிச்சிருந்தேன், நல்ல வேளையா அதெல்லாம் முடிஞ்சிருந்துச்சு. பெரிய பத்தி எல்லாம் மிச்சம். நெகட்டிவ் மார்க் கிடையாதே, மீதி எல்லாத்துக்கும் வரிசையா 3ஐ கருப்பாக்கினேன். லிசனிங்ல மூணாவது மொன்தாய், அதாவது மூணாவது கேள்விப் பகுதி, வந்தப்ப, பேப்பர்ல ஒன்னுமே இருக்காதே, கேள்வியே கடைசியில தானே வரும், அதுல நீங்க கண்ணை மூடிக்கிட்டு தலையை ஒரு பக்கமா சாய்ச்சு கேப்பீங்களே, அது ஞாபகம் வந்துச்சு. மாக் டெஸ்ட்ல லிசனிங்ல ரெண்டுக்கு மேல தப்பு பண்ணாத ஆளு, லிசனிங் எழுதாமலே போயாச்சு. ஒரு செக்‌ஷன் விட்டாலும் மொத்தமும் போச்சுங்கறதுதான் இந்த எக்ஸாம்.

இப்ப நான் சொல்ல வந்தது.

முடிஞ்சு வெளிய வந்தேன், படிக்கட்டு இறங்குற இடத்துல இருந்தே மெயின் கேட் தெரியும். நீங்க போயிருப்பீங்கன்னுதான் நினைச்சேன். நின்னுட்டு இருந்தீங்க. கேட்டுக்கு வெளிய, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பையை முன்னாடி மாட்டிக்கிட்டு. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, என்-5 எழுத வந்த பொண்ணா இருக்கும், கையில கேம்லின் பாக்ஸ், அது ஏதோ கேட்டுட்டு இருந்துச்சு. நீங்க வலது கையைத் தூக்கி காத்துல ஒரு கன்ஜி எழுதிக் காமிச்சிட்டு இருந்தீங்க. கோடு போட்டு, இழுத்து, கடைசி கீத்துல ஒரு சின்ன கொக்கி. அந்தப் பொண்ணும் உங்களைப் பாத்து காத்துல எழுதுச்சு. நீங்க தலையை ஆட்டி, அது விரலைப் பிடிச்சு திருப்பி எழுத வச்சீங்க. நடுநடுவுல கேட்டைப் பாத்தீங்க. யாரைத் தேடுறீங்கன்னு எனக்குத் தெரியாதா?

நான் பின்பக்கம் பார்க்கிங் வழியா போயிட்டேன். சைடு கேட்.

நிகேதே ஷிமத்தா. ஓடிட்டேன்.

எவ்வளவு நேரம் நின்னீங்கன்னு தெரியாது. "எங்கடா இருக்க"ன்னு உங்க மெசேஜ் வந்தப்ப நான் பஸ்ல இருந்தேன், "கூட்டத்துல பாக்கலக்கா, கிளம்பிட்டேன், தலைவலி"ன்னு ரிப்ளை பண்ணேன். பாத்தேன். நல்லா பாத்தேன்.

அடுத்த வாரம் கிளாஸ்ல நீங்க எல்லார் முன்னாடியும் சிரிச்சுக்கிட்டே "என் கவனக்குறைவுதான், ஜூலைல எழுதிக்கலாம்"னு சொன்னீங்க. என் பேரை எடுக்கவே இல்ல. அதை பெருந்தன்மைன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு அது பெருந்தன்மையா படல அக்கா, சொல்லிட்டேன். என்னைத் தனியா கூப்பிட்டு நாலு திட்டு திட்டியிருந்தா நான் அழுதிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். நீங்க திட்டாம விட்டதால நான் ஒவ்வொரு வாரமும் உங்க பக்கத்துல உக்காந்து உங்க நோட்டைப் பாத்து எழுத வேண்டி இருந்துச்சு. எப்பவுமே குடுக்குற இடத்துல நீங்களேதான் இருக்கணுமா? வாங்குறவன் எப்படி இருப்பான்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா? கிளாஸ்ல என் உச்சரிப்பை எல்லார் முன்னாடியும் திருத்துறப்பவும் இதே கடுப்புதான் வரும், அதையும் சொன்னதில்ல.

ஜனவரி கடைசியில ரிசல்ட். 96. பாஸ் 90. ரீடிங் 21, கட் ஆஃப் 19. வரிசையா போட்ட அந்த 3ங்கதான் காப்பாத்திச்சோ என்னவோ. நீங்க "ஒமெதெத்தோ", வாழ்த்துகள்னு ஒரே வார்த்தை அனுப்புனீங்க, நான் நன்றிக்கு "அரிகத்தோ கொசாய்மாசு"ன்னு கடைக்காரன்கிட்ட சொல்ற மாதிரி முழு மரியாதையோட அனுப்புனேன். அதான் கடைசி.

நீங்க சொன்ன அந்த ஜூலை வரவே இல்ல. 2020 ஜூலை எக்ஸாமை உலகம் பூரா கேன்சல் பண்ணிட்டாங்க. அது என் தப்பு இல்ல, கொரோனா. ஆனா டிசம்பர்லயே முடிச்சிருந்தா அந்த ஜூலைக்காக நீங்க காத்திருக்க வேண்டியதில்லங்கறதும் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் உங்க விஷயம் என்னாச்சுன்னு நான் விசாரிக்கல. விசாரிக்க பயம். நல்லா இருக்கீங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, அதோட நிறுத்திக்கிட்டேன்.

ஆறு வருஷமா நான் எந்த எக்ஸாமுக்கும் அப்ளை பண்ணலைக்கா. வேலை வேலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஹால்ல உக்காந்தா பின்னாடி சேர் நகர்ற சத்தம் கேக்கும்னு பயம், இதை வெளிய சொன்னா சிரிப்பாங்க. இந்த வருஷம்தான் ஆனது ஆகட்டும்னு பணத்தைக் கட்டுனேன். 110 நிமிஷம், அப்புறம் லிசனிங் 55. போனை வீட்லயே வச்சிட்டுப் போறேன், வாட்ச் கூட பழைய முள்ளு வாட்ச்தான்.

மன்னிச்சிடுங்கன்னு கேக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன், நடுவுல சண்டை போட்டுட்டேன். ரெண்டையும் வச்சுக்கங்க. பதில் போடணும்னு இல்ல. தோணுச்சுன்னா இது ஒன்னை மட்டும் சொல்லுங்க, அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு காத்துல என்ன கன்ஜி எழுதிக் காமிச்சீங்க? எனக்கு கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பித்தான் தெரிஞ்சுது. கொக்கி மட்டும்தான் ஞாபகம் இருக்கு.