வெளிச்சுவருக்கு ரெஜிபோம் காப்புப் பூச்சு: புகுந்த நீர் எவ்வழியாக வெளியேறும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய பகுதிகளில் மாடி வீடு கட்டுவோர் சிலர், வெயிலின் வெப்பம் உள்ளே வராதிருக்க வெளிச்சுவரில் ரெஜிபோம் (வெண்ணிற நுரைப் பிளாஸ்டிக்) பலகை ஒட்டி அதன்மேல் கண்ணாடி நார் வலையும் நிறப்பூச்சும் இடுகின்ற முறையை அண்மைக் காலமாக விசாரித்து வருகின்றனர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் உறவினர்கள் தாங்கள் அங்கே கண்டதைச் சொல்லிப் பணமும் அனுப்புகின்றனர். விற்பவர்களோ “ஒரு சொட்டுத் தண்ணீரும் புகாது” என்று உறுதி கூறுகின்றனர். உள்ளூராட்சி சபையொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், இந்த உறுதிமொழியை நம்பி எவரும் பணம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். முறையில் பிழையில்லை. எந்தச் சுவரிலும் என்றோ ஒருநாள் எங்கேனும் நீர் புகும் என்பதை ஒப்புக்கொண்டு, அது வடிந்துபோவதற்கு வழி வைத்திருக்கும் வகையை மட்டுமே நம் ஊருக்குத் தெரிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

ஈ.ஐ.எப்.எஸ். (வெளிப்புறக் காப்பும் பூச்சும் சேர்ந்த முறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அழைக்கப்படும் இம்முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பாவில், பெரும்பாலும் செங்கல், கொன்கிரீட் சுவர்களுக்காக வளர்ச்சி பெற்றது. 1960களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்ற பின்னர் அங்கே மரச்சட்ட வீடுகளிலும் ஒட்டப்பட்டது. பலகையும் பூச்சுமே மழையை முற்றாகத் தடுத்துவிடும் என்ற எண்ணத்தில் அவற்றின் பின்னால் வடிகால் எதுவும் வைக்கப்படவில்லை. ஜன்னல் ஓரங்களால் புகுந்த நீர் வெளியேற இடமின்றித் தேங்கி மரப்பலகைகளை உக்கச் செய்தது; 1990களின் நடுப்பகுதியில் வட கரோலைனா மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் பல வீடுகள் இவ்வாறு பழுதடைந்தமை கண்டறியப்பட்டு, வழக்குகளும் தொடரப்பட்டன. அதன் பிறகே வடிகால் வகை பரவலானது. இதில் சுவரின் மேல் முதலில் நீர்த்தடுப்புப் படையொன்று பூசப்படும்; பசை நிலைக்குத்தான கோடுகளாக இடப்பட்டுப் பலகை ஒட்டப்படும்; அக்கோடுகளுக்கு இடையிலுள்ள வெளியால் நீர் கீழிறங்கி, அடியிலுள்ள துளைப்பட்டி வழியாக வெளியேறும்.

நம்முடைய சுவர் சீமெந்துக் கல்லால் ஆனது, அது உக்காது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆயினும் கல்லுக்கும் பலகைக்கும் இடையில் தேங்கிய ஈரம் வீட்டுக்குள்ளே உப்பாகப் பூக்கும், பூஞ்சணமாகப் படரும். உப்புக் கலந்த மணலால் வார்த்த தூண்களிலும் பீம்களிலும் கம்பி துருப்பிடித்துக் கொன்கிரீட்டை வெடிக்கச் செய்யும். வெளியே நிறப்பூச்சு அழகாகவே இருக்கும் என்பதால் வீட்டுக்காரருக்கு நெடுங்காலம் எதுவும் தெரியாது.

மட்டக்களப்பில் ஆண்டொன்றுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையான மாரி காலத்திலேயே கிடைக்கிறது; அதுவும் வாடைக்காற்றோடு சேர்ந்து சுவரில் சாய்வாக அடிக்கும் மழை. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் கடலைப் பார்த்த சுவர் வைத்திருப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய மழையில் பலகையின் நடுப்பகுதி பெரும்பாலும் பிரச்சினை தருவதில்லை; ஓரங்கள்தான் தருகின்றன. ஜன்னல் நிலையின் அடியில் வெளிப்புறமாகச் சரிந்த தகடு இருக்கிறதா, நிலைக்கும் பூச்சுக்கும் இடையிலுள்ள இடைவெளி சீலன்ட் எனும் நெகிழ்பசை கொண்டு அடைக்கப்படுகிறதா, அந்தச் சீலன்ட் நனைந்தால் இளகக்கூடிய நிறப்பூச்சின் மீதல்லாது அதற்கு அடியிலுள்ள வலைப்பூச்சின் மீது ஒட்டப்படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். போர்ட்டிகோவின் கூரை சுவரைச் சந்திக்கும் முனையில், வழிந்துவரும் நீரைச் சுவருக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடும் மடிப்புத் தகடு அவசியம். இம்முறையில் மிகுதியாக ஒழுகும் இடங்களுள் அதுவும் ஒன்று. வீடு குடிபுகுந்த பின்னர் டிஷ் அன்டனாவுக்கும் உடுப்புக் காயவிடும் கொடிக்கும் துளையிடுவது நம் வழக்கம். அவற்றுக்கான இடங்களை முன்கூட்டியே குறித்து அங்கே உக்காத தாங்குகட்டை வைத்து முடிக்கச் சொல்வது நல்லது. ஓரப்பட்டிகள், மூலைப்பட்டிகள் யாவும் பிவிசியாக இருக்கட்டும். நாகம் பூசிய தகடு கடற்காற்றில் நிலைக்காது.

வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்துக் கட்டுவோருக்கு இன்னொரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கனடாவில் குளிர்காலத்தில் வீட்டினுள்ளிருக்கும் வெம்மையான ஈரக்காற்று வெளியே செல்ல முயல்வதால், சுவரின் உட்பக்கத்தில் பொலித்தீன் விரிக்கிறார்கள். இங்கே நிலைமை நேர்மாறானது: ஈரமும் வெப்பமும் வெளியே இருக்கின்றன, குளிரூட்டி பூட்டிய அறை உள்ளே இருக்கிறது. நீராவி உள்நோக்கி வந்து, குளிர்ந்த இடத்தில் நீராகப் படியும். குளிர்ந்த சோடாப் போத்தலின் மேல் வியர்ப்பது போலவே, பொலித்தீனுக்கும் பிளாஸ்டிக் சுவர்த்தாளுக்கும் எண்ணெய்ப் பெயின்டுக்கும் பின்னால் அது படிந்து நிற்கும். ஆகவே உட்சுவருக்கு நீராவியை விடக்கூடிய சாதாரண நீர்ப் பெயின்டே போதுமானது. உறவினர் என்ன சொன்னாலும் இவ்விடயத்தில் விட்டுக்கொடுக்கலாகாது.

சுவரின் அடிப்பகுதியில் பலகையை மண்ணுக்குள் இறக்கக் கூடாது. நிலமட்டத்திலிருந்து குறைந்தது 200 மில்லிமீற்றர் உயரத்தில் தொடங்கினால்தான் கறையான் புற்று ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பலகைக்குள் புகுந்துவிட்ட கறையானை யாரும் காண முடியாது. 2011 ஜனவரி வெள்ளத்தில் மூழ்கிய, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில், அன்று நீர் நின்ற மட்டத்துக்கு மேலே தொடங்குவதே அறிவுடைமை. கீழ்ப்பகுதிக்கு வழக்கமான சீமெந்துப் பூச்சே போதும். பழைய சுவரில் ஒட்டுவதாயின், சுண்ணாம்பையும் உரியும் பெயின்டையும் சுரண்டி எடுக்காமல் பசை பிடிக்காது. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியைக் கண்ட நாம், பசையை மட்டும் நம்பாமல் அகலத் தலையுள்ள ஆணிகளையும் கேட்டுப் பெற வேண்டும். ரெஜிபோம் எரியக்கூடிய பொருள் என்பதால் தீ பரவலைத் தணிக்கும் தரத்தையே வாங்க வேண்டும். விறகடுப்பும் எரிவாயுச் சிலிண்டரும் உள்ள குசினிச் சுவரில் அதனைத் தவிர்த்துவிடலாம்.

இவ்வளவையும் சொன்ன பின்னர், இது எல்லா வீட்டுக்கும் வேண்டியதுதானா என்ற கேள்வி எழுகிறது. ஓர் அங்குல ரெஜிபோம் வெப்பத்தைத் தடுப்பதில் இரண்டு அடிக்கு மேற்பட்ட தடிப்புள்ள கொன்கிரீட்டுக்கு நிகரானது என்பது மெய்யே. ஆனால் நண்பகல் வெயில் ஏறத்தாழத் தலைக்கு மேல் நிற்கும் நம் நாட்டில், தனிமாடி வீட்டுக்குள் வெப்பம் பெரும்பாலும் கூரையால் வருகிறதே தவிரச் சுவரால் வருவது குறைவு. ஜன்னல்களைத் திறந்து வைத்து வாழ்பவர், ஓட்டுக்குக் கீழே காப்புத்தாளும் சீலிங்கும் இட்டு, இறவாரத்தை அகலமாக நீட்டினால், சுவர் வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் ஒருங்கே தப்பும், செலவும் குறையும். நம் பழைய வீடுகளின் தாழ்ந்த இறவாரங்களை நாகரிகத்தின் பேரால் வெட்டிவிட்டு, பின்னர் சுவருக்குக் காப்புத் தேடுவது எனக்கு விளங்காத ஒன்று. மேல்மாடியில், மாலை வெயில் படும் மேற்குச் சுவருக்குப் பின்னால் இரவு முழுவதும் குளிரூட்டி இயங்கும் அறை இருக்குமானால், அந்தச் சுவருக்கு இம்முறை பொருத்தமானதே.

தெரிவு செய்பவர்கள் விற்பவரிடம் சுவரின் வெட்டுமுக வரைபடத்தையும், நீர்த்தடுப்புப் படையின் விபரத்தையும், பராமரிப்புப் பொறுப்பையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். இறுதிக் கொடுப்பனவுக்கு முன்னர் ஒரு ஜன்னலின் மீது தோட்டக் குழாயால் நீர் பாய்ச்சி, உட்பக்கம் நனைகிறதா என்றும், அடியிலுள்ள துளைகளால் நீர் வடிகிறதா என்றும் அவர் முன்னிலையிலேயே பார்ப்பது யாருக்கும் இயலக்கூடிய சோதனை. இதற்கு மறுப்புச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காமல் விடுவதே மேல்.

மாநகர, பிரதேச சபைகள், வெளிக்காப்புப் பூச்சு இடப்படும் வீடுகளின் கட்டட விண்ணப்பத்தோடு இந்த வெட்டுமுக வரைபடத்தையும் கோர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். நம் மேசன்மாரின் கைத்திறனில் குறையில்லை. ஆயினும் முக்கால் அங்குலச் சீமெந்துப் பூச்சில் பழகிய கைக்கு, சில மில்லிமீற்றர் தடிப்பில் வலையை அமிழ்த்திப் பூசுவது புதிய வேலை. மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியும் அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனமும் இதற்கென ஒரு குறுகிய பயிற்சியை, ஜன்னல் ஓர வேலையை முதன்மையாகக் கொண்டு, அடுத்த மாரிக்கு முன்னர் தொடங்குவது குறித்துப் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.