கப்பலை உடைத்தது நீ இல்லை, மருமகனே

அன்பு மருமகனுக்கு,

உன் மன்னிப்புக் கடிதம் கிடைத்தது. அதற்குத் தனியாகப் பதில் போடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று கூடத்தில் அத்தனை பேர் முன்னிலையில் உன்னைத் திட்டினேன். திட்டியது பத்துப் பேர் காதில் விழுந்திருந்தால், அது தவறு என்பது இருபது பேர் கண்ணிலாவது படவேண்டும் அல்லவா?

வீட்டுக் குப்பையை ஒட்டி நான் செய்த அந்த மாதிரி விண்வெளிக் கப்பலை நீ உடைக்கவில்லை. 2009-இலேயே அதை நான் உடைத்துவிட்டேன். பிரிந்து விழ இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது; விழுந்த நேரத்தில் பாவம், நீ பக்கத்தில் நின்றாய்.

மறுநாள் துண்டுகளை மேசையில் பரப்பியபோது எனக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை. அந்த விண்கலத்தின் மூக்கு, பழைய கணினி மௌஸ் ஒன்றின் மேல் ஓடு. உடல், ஒரு ஷாம்பூ புட்டி. இரண்டும் சேர்ந்த கழுத்தில்தான் பிளவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உடைந்த இடம் என்று நாம் சொல்கிறோமே, அங்கே எதுவுமே உடையவில்லை! ஒழுங்காக ஒட்டிய இணைப்பு முறிந்தால் பிளாஸ்டிக்கே பிய்ந்து வரும். விளிம்பு கரடுமுரடாக, வெளிறிப்போய்த் தெரியும். இங்கே புட்டியின் கழுத்து புதிதுபோலப் பளபளத்தது. பசை முழுவதும் மெல்லிய தோலாக மௌஸ் பக்கமே தங்கியிருந்தது. நகத்தால் நெம்பினேன், உரிந்து வந்தது. புட்டியைப் பொறுத்தவரை மூக்கு அதன்மேல் ஒருநாளும் ஒட்டியதில்லை. இத்தனை காலமும் சாய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

புட்டியைக் கவிழ்த்தேன். அடியில் முக்கோண அம்புகளுக்கு நடுவே 2 என்று இருந்தது. அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வகை. அந்த எண்ணை நீயும் பார்த்திருப்பாய்; மறுசுழற்சிக்காக இட்ட குறி என்று கடந்து போயிருப்பாய். எங்களைப்போலக் கழிவிலிருந்து கப்பல் கட்டுகிறவர்களுக்கு அதுதான் ஜாதகம். 6 என்றால் பாலிஸ்டைரீன். கடையில் விற்கும் மாதிரி விமானப் பெட்டிகளில் வருவதும் அதே பொருள்தான். அதற்குரிய திரவப் பசை உண்மையில் பசையே இல்லை, கரைப்பான். இரண்டு பரப்பையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். 2, 5 என்று இருந்தால் நிலைமை வேறு. பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் எதையும் தம்மேல் ஒட்டவிடாத குணமுடையவை. சூப்பர் க்ளூ அவற்றின்மேல் காயும், ஆனால் பிடிக்காது. ஆலைகளில் இத்தகைய புட்டிகளின்மேல் அச்சிடுவதற்கு முன் பரப்பை ஒரு கணம் தீச்சுடரில் காட்டுவார்கள். அப்போதுதான் மை நிற்கும். எனக்கு அன்று இதெல்லாம் தெரியாது. உப்புத்தாளால்கூடத் தேய்க்காமல் நான்கு சொட்டு விட்டு, பத்து நொடி அழுத்திப் பிடித்து, முடிந்தது என்று நினைத்தேன்.

சிந்திய பசையைப் பருத்தித் துணியால் துடைத்ததும் அன்றுதான். அந்தப் பசையும் பருத்தியும் சேர்ந்தால் கொதிக்கும் என்பதை விரல்தான் கற்றுக்கொண்டது. நீ அப்படிச் செய்யாதே.

இனி இரண்டாவது ஒப்புதல். ‘கேப்டன் அறைக் கண்ணாடி ஏன் புகைபிடித்ததுபோல் இருக்கிறது மாமா?’ என்று சிறுவயதில் கேட்டாய். ‘விண்வெளியில் குளிர் அதிகம், பனி படிந்திருக்கிறது’ என்றேன். பொய். சி.டி. வைக்கும் பெட்டியின் மூடியை வெட்டித்தான் அந்தக் கண்ணாடியைப் பொருத்தினேன். சூப்பர் க்ளூ காயும்போது எழும் ஆவி பக்கத்துப் பரப்புகளில் வெண்மையாகப் படியும். காற்றோட்டமே இல்லாத ஓட்டுக்குள் ஒட்டினால் அந்த ஆவி வேறு எங்கே போகும்?

மூக்குப் போனதால்தான் முதல்முறையாக உள்ளே பார்க்க முடிந்தது. பார்த்தேன், வெட்கமாக இருந்தது. 9 வோல்ட் மின்கலத்தை உள்ளே வைத்து, மேலே தகட்டை ஒட்டி, நிரந்தரமாக மூடியிருக்கிறேன். தீர்ந்துபோனால் மாற்றுவது எப்படி என்று யோசிக்கவே இல்லை. மின்கலம் கசிந்து வெள்ளைப் பொருக்கு பூத்திருந்தது. ஆல்கலைன் மின்கலத்தில் கசிவது காரம், ஆகவே பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரைகிறது. கையுறையோடுதான் செய்தேன். செம்புக் கம்பிகளின் நுனி பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது.

சரி, மின்கலம் கசியாமல் இருந்திருந்தால் விளக்கு எரிந்திருக்குமா? அதுவும் இல்லை. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3.2 வோல்ட் போதும், மீதி 5.8 வோல்ட்டை ஒரு மின்தடை தாங்கவேண்டும். 20 மில்லி ஆம்பியர் என்று கணக்குப் போட்டால் 290 ஓம் வரும். கடையில் கிடைக்கும் 330 ஓம் போட்டால் விளக்கு நிம்மதியாக இருக்கும். நான் கையில் இருந்ததைப் போட்டிருக்கிறேன், 100 ஓம். ஏறத்தாழ மூன்று மடங்கு மின்னோட்டம். விளக்கு முதல் சில நாள் அட்டகாசமாக எரிந்ததன் ரகசியம் அதுதான், சீக்கிரமே கருகியதன் ரகசியமும்.

என்னை உண்மையில் வியக்கவைத்தது கம்பிதான். உள்தளத்துக்கும் சி.டி. பெட்டியைத்தான் வெட்டிப் போட்டிருந்தேன், அதுவும் பாலிஸ்டைரீன். அதன்மேல் பி.வி.சி. உறை போட்ட மெல்லிய கம்பி இத்தனை ஆண்டு படுத்திருந்தது. எடுக்கப் போனால் வரவில்லை! கம்பி படுத்த இடத்தில் தளம் இளகி, வாய்க்கால்போலப் பள்ளம் விழுந்திருந்தது. பி.வி.சி.யை வளையவைப்பதற்காகச் சேர்க்கும் மென்மையூட்டி மெல்ல வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல் ஒன்றை ஒன்று தின்றிருக்கிறது. இனிமேல் கம்பிக்கு அடியில் அலுமினியத் தாள் ஒன்றை விரிப்பதாக இருக்கிறேன்.

இவ்வளவையும் பார்த்தபின் மனம் தேறியது எப்படி என்று கேட்கிறாயா? ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக 1964-இல் செய்த என்டர்பிரைஸ் விண்கலத்தின் மாதிரியை நினைத்துக்கொண்டேன். 11 அடிக்கும் சற்று அதிக நீளம். மரம், உலோகத் தகடு, பிளாஸ்டிக் எல்லாம் கலந்த உடம்பு. அதன் வலப்பக்கத்தை மட்டுமே படம்பிடித்தார்கள். விளக்குகள் வைத்தபோது கம்பிகளை இடப்பக்கமாக வெளியே இழுத்துவிட்டார்கள். கேமரா பார்க்காத பக்கம் அலங்காரம் எதற்கு? 1974-இல் அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பலமுறை பழுது பார்த்திருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் செய்த பழுதுபார்ப்பில் கப்பலின் முன்பக்க வட்டத் தட்டின்மேல் அழுத்தமாக வரைந்த கோடுகளைப் பார்த்து ரசிகர்கள் பொருமினார்கள். 2016-இல் முடிந்த வேலையில், 1967 ஆகஸ்டில் அது எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். தட்டின் மேற்பக்கத்தில் மட்டும் முதல் பூச்சு அப்படியே பிழைத்திருந்ததால், மற்ற இடங்களுக்கு அதுவே சாட்சி. இடப்பக்கம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் இருக்கும் கப்பலுக்கே பாதி உடம்புதான் என்றால், என் ஷாம்பூ புட்டிக்கு என்ன குறைச்சல்?

மூக்கை முப்பரிமாண அச்சில் புதிதாக அடித்துத் தருவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். அச்சு இயந்திரத்தின்மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. அந்தப் படிப்படியான கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து மறைக்கும்போது நீயும் என்னைப்போலத்தான் தூசி தின்பாய். (முகமூடி போட்டுக்கொள்.) ஆனால் அந்த மூக்கு மௌஸாகவே இருக்கட்டும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த நேரம், உடல் முழுவதும் சாம்பல்நிற பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிக்கிற அந்தச் சில நிமிடங்கள். அதுவரை மேசையில் இருப்பது புட்டி, மௌஸ், பேனா மூடிகள், அச்சுப்பொறியின் பற்சக்கரங்கள், பாதி கட்டிக் கைவிட்ட பீரங்கி வண்டியின் பாகங்கள். பார்க்கிறவர்கள் குப்பை என்பார்கள், அதில் தவறில்லை. முதல் பூச்சு காயக் காய ஒவ்வொன்றும் தன் பெயரை இழக்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே பொருள். சட்டென்று அங்கே ஒரு கப்பல் நிற்கும். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்களின்மேல் இருக்கும் குழாய்களும் பெட்டிகளும்கூடக் கடைகளில் வாங்கிய பீரங்கி, கப்பல், விமான மாதிரிப் பெட்டிகளிலிருந்து பிடுங்கி ஒட்டியவைதான். அந்தச் சின்னச் சின்ன ஒட்டுகளை கிரீபிள் என்பார்கள். எதற்குப் பயன்படும் என்று கேட்கக்கூடாது, பயன்படும்போலத் தோன்றவேண்டும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லா இடத்திலும் கிரீபிளைக் கொட்டிவிடுவார்கள். நானும் கொட்டினேன். கண் நிற்பதற்கு வெறும் இடமே இல்லாமல் போனது. இப்போது பாதியைப் பிடுங்கிவிட்டேன், இயந்திரத்தைச் சுற்றி மட்டும் நெரிசல். முகச்சவரக் கத்தியின் கைப்பிடியையும் எடுத்துவிட்டேன். எத்தனை பூச்சு அடித்தாலும் அது கைப்பிடியாகவே நின்றது.

ஏணியும் போய்விட்டது. ‘இந்த ஏணியில் ஏறுகிற ஆள், அந்தச் சன்னல் வழியாக எப்படிப் பார்ப்பான்?’ என்று நீ கேட்டது நினைவிருக்கிறதா? அன்று பேச்சை மாற்றினேன். ஏணி 1/72 அளவு, அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காகச் செய்த, மாதிரி விமானத்தினுடையது. அதன்படி 60 சென்டிமீட்டர் கப்பல் 43 மீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் துளை போட்ட சன்னல் வெறும் 7 சென்டிமீட்டர். சன்னல் ஒரு மீட்டர் என்று வைத்தால் அளவு 1/1000, கப்பல் 600 மீட்டர். அப்போது அந்த ஏணியில் ஏறுகிறவன் தென்னை மர உயரம் இருக்கவேண்டும். துளைகளை அடைப்பதைவிட ஏணியைக் கழற்றுவது சுலபம், ஆகவே கப்பல் 600 மீட்டர் ஆயிற்று.

கழுத்துக்கு இம்முறை பசையை மட்டும் நம்பவில்லை. மூக்கிலிருந்து வால்வரை ஓர் உருட்டு மரக்குச்சி, முதுகெலும்புபோல. புட்டியை உள்ளிருந்து இரண்டு திருகுகள் அதோடு பிடித்திருக்கின்றன. 240 எண் உப்புத்தாளால் கீறிய பரப்பில் எபாக்ஸி பசை, அது வெறும் துணைக்கு. மின்கலத்தின்மேல் மூடியை ஒட்டவில்லை. நான்கு காந்தங்கள் வைத்தேன். ஒன்றை முனை மாற்றிப் பொருத்தியதால் மூடி முதலில் துள்ளி விழுந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கு இப்போது மங்கலாக, அமைதியாக எரிகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. வலது பின் இயந்திரத்தின் முனையில் இருந்த நீலப் பேனா மூடியைக் காணவில்லை. அலமாரியை நகர்த்திப் பார்த்தேன், கம்பளத்தை உதறிப் பார்த்தேன். அன்று நீ துண்டுகளை அவசரமாகப் பொறுக்கியபோது உன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை உன் அம்மா பார்த்ததாகச் சொல்கிறாள். பயந்து தூக்கி எறிந்திருந்தாலும் பரவாயில்லை, வரும்போது வேறு ஏதாவது ஒரு பேனா மூடி கொண்டு வா. அடியில் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடு.

அன்புடன்,
மாமா