அன்னாசி நாரை எங்கள் ஊர் ஈரத்திலும் சோதித்துப் பாருங்கள்

அன்னாசி இலை நாரைப் பிளாஸ்டிக்கில் கலந்து ஆய்வு செய்யும் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

ஜொகூர், சிம்பாங் ரெங்கத்திலிருந்து எழுதுகிறேன். செம்பனையும் அன்னாசியும் சூழ்ந்த ஊர். மறுநடவு வரும்போது பழைய செடியின் இலையை என்ன செய்வது என்பது இங்கே தீராத தலைவலி. கொளுத்தினால் சதுப்புக் கரிமண் அடியிலேயே புகைந்துகொண்டிருக்கும், விட்டால் மக்க நாளாகும். அதனால் நீங்கள் இலை கேட்டு வந்தால் யாரும் மறுப்பதில்லை, மூட்டை கட்டி லோரியில் ஏற்றியே விடுகிறார்கள். முடிவு வந்ததும் சொல்கிறோம் என்று போனவர்கள் உண்டு, திரும்பி வந்து சொன்னவர்களைத்தான் காணோம். சரி, அது போகட்டும்.

நான் பிளாஸ்டிக் அச்சு வேலை பார்த்தவன், உங்கள் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பேன். இந்த நாரின் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் வலிமை, 400 மெகாபாஸ்கல் என்று ஒரு கணக்கு, 1600 என்று இன்னொரு கணக்கு. இரண்டுமே உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் ரகம் மோரிஸா, ஜோசபினா, எம்டி2வா, இலை இளசா முற்றலா, கையால் சுரண்டியதா மெஷினில் உரித்ததா என்பதைப் பொறுத்து நார் மாறும், போதாக்குறைக்கு அது உருண்டையாக இல்லாதபோதும் உருண்டை என்று வைத்துத்தான் பலர் குறுக்குப் பரப்பைக் கணக்கிடுகிறார்கள். இதையெல்லாம் எழுதாமல் 'அன்னாசி நார்' என்று மட்டும் போட்டால் தோட்டக்காரர் எந்த இலையைச் சேர்த்து வைப்பார்?

அதைவிடப் பெரிய குறை ஈரம். சோதனைக்கு முன் மாதிரியை 23 டிகிரியில், 50 விழுக்காடு ஈரப்பதத்தில், 40 மணி நேரம் வைக்கச் சொல்கிறது நீங்கள் பின்பற்றும் ஏஎஸ்டிஎம் டி618 என்ற சோதனைத் தரவிதி. குளிர்சாதன அறைக்கு அது சரி, இங்கே விடிகாலையில் ஈரப்பதம் 90-ஐத் தாண்டும்! நாரில் பெரும்பங்கு செல்லுலோஸ், தண்ணீரைக் கண்டால் விடாது. நாரைக் கலக்கும் பாலிப்ரோப்பிலின் என்ற பிளாஸ்டிக்குக்குத் தண்ணீரே ஆகாது. இரண்டும் ஒட்டுவதற்குத்தான் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் நாரை ஊறவைக்கிறீர்கள், மலேயிக் அன்ஹைட்ரைடு சேர்த்த பாலிப்ரோப்பிலினைக் கலக்கிறீர்கள், நல்லதுதான். ஆனால் மழையில் நார் உப்பி, வெயிலில் சுருங்கி, மறுபடி உப்பினால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும், நாருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி வரும், அதன் வழியே இன்னும் தண்ணீர் இறங்கும். ஒரு நாள் ஊறவைத்து எடை பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் இந்த மாதிரிகள் வாரக்கணக்கில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே நனைத்து, காயவைத்து, திரும்ப நனைத்து, அப்புறம் இழுத்தும் வளைத்தும் பாருங்கள். காய்ந்த மாதிரியின் எண்ணையும் நனைந்ததன் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். சராசரியோடு நிறுத்தாமல் ஆகக் குறைந்த எண்ணையும் சொல்லுங்கள், பொருள் உடைவது சராசரியில் இல்லையே.

நூறு கிலோ பச்சை இலையில் இரண்டு மூன்று கிலோ நார்தான் தேறும். அதை உரித்து, கழுவி, காயவைக்கும் கூலி யார் தலையில் விழும் என்பதையும் ஒரு வரி எழுதினால் நல்லது. வலிமை மட்டும் ரிங்கிட் ஆகாது.

அடுத்த மறுநடவுக்கு வாருங்கள், ரகம், செடியின் வயது, வெட்டிய நாள் மூன்றையும் மூட்டையில் எழுதித் தரச் சொல்கிறேன். பதிலுக்கு நனைந்த மாதிரியின் முடிவை மலாயிலோ தமிழிலோ ஒரே பக்கத்தில் தோட்டக்காரர்களுக்கு அனுப்பிவிடுங்கள். மோசமான முடிவாக இருந்தாலும் அனுப்புங்கள்.