கப்பல் சுற்றுலா: கட்டணத்துக்கு முன் கடவுச்சீட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் ‘சொகுசுக் கப்பல் சுற்றுலா’ விளம்பரங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. மேலே வெள்ளைக் கப்பல், கீழே பெரிய எழுத்தில் ஒரு டொலர்த் தொகை. அந்தத் தொகையோடு செலவு ஏன் நிற்பதில்லை, முழுப் பணமும் கட்டியவர்களைக்கூடத் துறைமுக வாசலில் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதை விளம்பரம் சொல்லாது. இத்தொழிலின் உள்விவரம் தெரிந்தவன் என்ற வகையில் எழுதுகிறேன்.

முதலில், எங்கே ஏறுவது? 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்தபோது, ‘திருமலையிலேயே ஏறிவிடலாமே’ என்ற பேச்சு எழுந்தது. வழியில் தரிக்கும் துறைமுகத்தில் புதிய பயணிகளை ஏற்ற, கப்பல் நிறுவனம் அந்த இடத்தை ஏறுதுறையாக அறிவித்திருக்க வேண்டும். குடிவரவு, சுங்க ஏற்பாடுகளும் இருக்க வேண்டும். பெரும்பாலான பயணங்களில் அப்படி இருப்பதில்லை. ஒலுவில் துறைமுகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மணல் தூர்ந்த அந்த வாயால் மீன்பிடிப் படகு போய்வருவதே பெரும்பாடு. ஆகவே கப்பல் சுற்றுலா என்றால் நமக்கு முதலில் விமானப் பயணம்தான். சிங்கப்பூர், சென்னை, குளிர்காலத்தில் துபாய் ஆகியவை கிட்டிய ஏறுதுறைகள்.

இனி முக்கியமான விஷயம். கப்பல் நான்கு நாடுகளைத் தொட்டால் நான்கு நாட்டு விசாச் சட்டமும் நம்மைத் தொடும். சிங்கப்பூருக்கு இலங்கையர் முன்விசா இல்லாமல் போகலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அதே கப்பல் பினாங்கிலோ போர்ட் கிளாங்கிலோ ஒதுங்கினால் மலேசிய விசா தேவைப்படும். ‘நான் அங்கே இறங்கமாட்டேன், கப்பலிலேயே இருந்துவிடுகிறேன்’ என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. விசா இல்லாத பயணியை ஏற்றி வந்ததற்குக் கப்பல் நிறுவனம் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், ஏறுமிடத்திலேயே மறித்துவிடுவார்கள். தாய்லாந்து விதி 2024இல் தளர்ந்தது. அது அப்படியே இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் நாளிலும் ஒருமுறை, புறப்படும் மாதத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சென்னையில் ஏறி, வெளிநாட்டைத் தொட்டு, சென்னையிலேயே இறங்குபவர் இந்தியாவுக்குள் இரண்டு தடவை நுழைகிறார்: விமானத்தில் ஒரு தடவை, கப்பலில் ஒரு தடவை. ஒருமுறை நுழைவு விசா இதற்குப் போதாது. (அந்த ‘வெளிநாடு’ சில வேளை நமது திருகோணமலையாகவே இருக்கும் என்பது தனி வேடிக்கை.) ஐரோப்பாவிலும் இதே சிக்கல்தான். ஏதென்ஸ் அருகே பிரேயஸில் ஏறி, துருக்கியின் குசாதாசியைத் தொட்டு, மறுபடி கிரேக்கத்துக்குத் திரும்பும் பயணத்துக்குப் பலமுறை நுழைவு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) எடுத்துக்கொள்ள வேண்டும். துருக்கிக்கு வேறாகப் பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் அதிகம் நடக்கும் தவறு இன்னொரு வகை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவையும் சேர்த்து அங்கிருந்தே பதிவு செய்கிறார்கள். பிள்ளையிடம் கனடாக் கடவுச்சீட்டு. பெற்றோரிடம் இலங்கைக் கடவுச்சீட்டு. வன்கூவரிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல் கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று தரிக்கும் இடங்கள் எல்லாம் அமெரிக்கா. மகனுக்கு விசா வேண்டாம். பெற்றோருக்குக் கனடா விசாவோடு அமெரிக்க விசாவும் வேண்டும். பதிவு செய்யும் இணையப் பக்கம் இதைத் தடுத்து நிறுத்தாது. பணம் போய்ச் சேர்ந்துவிடும்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. நம்மவர் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் எந்தக் கட்டத்தில், சொந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் என்று ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். வீட்டில் அழைக்கும் பெயரையோ முதலெழுத்தை மட்டுமோ கொடுக்காமல், கடவுச்சீட்டின் படப்பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துக் கொடுங்கள். விமானச் சீட்டும் அதே எழுத்தில் இருக்க வேண்டும். பயணம் முடியும் நாளிலிருந்து கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

பணத்துக்கு வருவோம். விளம்பரத்தில் உள்ள தொகை ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு உரியது. மூன்று இரவுக்கு ஆளுக்கு 300 டொலர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு 600. துறைமுக வரி ஆளுக்கு 70 என்றால் 140. பணியாளர் அன்பளிப்பு என்று நாளொன்றுக்கு ஆளுக்கு 15 முதல் 20 டொலர் வரை கணக்கில் தானாக ஏறும். 18 என்று எடுத்தால் மூன்று நாளுக்கு இருவருக்கும் 108. ஆக 848 டொலர். விமானச் சீட்டு, விசாக் கட்டணம், சிங்கப்பூரில் ஓர் இரவு தங்கும் செலவு எல்லாம் இதற்கு வெளியே. தனியாகப் போகிறவர் அறையின் இரண்டாம் இடத்துக்கும் பெரும்பாலும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். அவருக்கு 600, 70, 54 சேர்ந்து 724. தனியாள் பாதிச் செலவில் போய்வரலாம் என்ற கணக்குச் சரிவராது.

முற்பணம் கட்டும்போது, திருப்பித் தரக்கூடியதா இல்லையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மீதியைக் கட்டும் கடைசி நாள், நீண்ட பயணங்களுக்குப் புறப்பாட்டுக்கு 60 முதல் 120 நாள் முன்பு வரும். அதற்குப் பிறகு விலகினால் படிப்படியாக வெட்டி, கடைசி வாரங்களில் முழுவதும் போய்விடும். விசா மறுக்கப்பட்டது என்பதற்காகச் சலுகை தரமாட்டார்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகைக்குக் கொழும்பு போக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். ஆகவே எட்டு மாதம் முன்பே திருப்பித் தரக்கூடிய முற்பணத்தைக் கட்டி, விண்ணப்பம் திறக்கும் முதல் வாரத்திலேயே விசாவுக்குப் போட்டு, பதில் வந்தபின் மீதியைக் கட்டுவதுதான் பாதுகாப்பான வரிசை. ‘கடைசி நேர மலிவு’ உள்ளூர்க் கடவுச்சீட்டில் ஏறி இறங்கும் சிங்கப்பூர்க்காரருக்கு நல்லது, நமக்கு அல்ல.

முகவர் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். பணத்தைத் தனிநபர் கணக்கில் வைப்பிலிட வேண்டாம். இதைவிட முக்கியம், கப்பல் நிறுவனம் உங்கள் பெயரில் கொடுத்த பதிவெண். அதை வாங்கி, நிறுவனத்தின் இணையத்தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரும் அறை வகையும் கட்டிய தொகையும் அங்கே தெரிய வேண்டும். முகவர் அச்சடித்துத் தரும் பற்றுச்சீட்டு மட்டும் போதாது.

காலத்தைப் பற்றிக் கிழக்குக் கரையாருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் புக்கெட், லங்காவிப் பக்கம் கடல் புரளும். வாடைக் காலத் தொடக்கத்தில் வங்கக் கடலில் சூறாவளி உருவாகும். 1978 நவம்பர் 23ஐ மட்டக்களப்பார் மறப்பதற்கில்லை. மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் மறைப்பதால் ஒப்பீட்டளவில் அமைதி. வானிலை கெட்டால் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டுப் போகலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தத் துறைமுக வரியைத் திருப்பித் தருவார்கள். வேறொன்றும் எதிர்பார்க்க முடியாது.

அறையைத் தெரிவு செய்யும்போது விலைப்பட்டியலை மட்டும் பார்க்காமல், தளப்படத்தை எடுத்து உங்கள் அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள். நீச்சல் தடாகத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் ஓசை. ஆட்ட அரங்குக்கு மேலே என்றால் நள்ளிரவு வரை அதிர்வு. முன்முனையில் நங்கூரச் சங்கிலி, பின்முனையில் இயந்திர நடுக்கம். பல்கனி என்று பணம் வாங்கிவிட்டு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும் அறைகளும் உண்டு. ‘காட்சி மறைவு’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அறை எண்ணை நிறுவனமே பிறகு தீர்மானிக்கும் மலிவு வகையில் இதையெல்லாம் தெரிவு செய்ய முடியாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. தலைச்சுற்று உள்ளவர் அங்கே ஜன்னல் இல்லாத அறை எடுத்தாலும், உயரத்தில் உள்ள பல்கனி அறையைவிடச் சுகமாகப் படுப்பார். நால்வருக்கு ஓர் அறை மலிவுதான். ஆனால் மூன்றாவது, நான்காவது கட்டில் பெரும்பாலும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். ஏணியால் ஏற வேண்டும். முழங்கால் வருத்தக்காரரை அதில் ஏற்ற முடியாது. குளியலறை வாசலில் உயர்ந்த படி இருக்கும். இரவில் எழும்பும் வயதானவர்கள் கால் தடக்குவது அதில்தான்.

வாந்திக்கு சினரிசின் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போடுவதில் பயன் குறைவு. புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது, வைத்தியரைக் கேளுங்கள். மற்ற மருந்துகளைப் பெட்டியோடு, வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு கொண்டுபோங்கள். கொடீன், டிரமடோல் போன்றவற்றுக்கு சிங்கப்பூரிலும் துபாயிலும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. கப்பலில் வைத்தியர் இருப்பார், ஆனால் இலவசமில்லை. காப்புறுதியில் கடலிலிருந்து கரைக்கு எடுத்துச் செல்லும் செலவு அடங்குகிறதா, சீனி, பிரஷர் என்று ஏற்கெனவே உள்ள நோய்களை அறிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கர்ப்பிணிகள் 24 வாரத்தைத் தொட்டுவிட்டால் பெரிய நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும் அப்படியே.

ஹலால், சைவ உணவு தேவை என்றால் பதிவின்போதே சொல்லுங்கள். ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற பதில் ஹலால் என்ற பதில் ஆகாது. சான்றிதழ் உண்டா, தனிச் சமையலறையா என்று எழுத்தில் கேளுங்கள். சமைத்த சாப்பாட்டையும் வீட்டுச் சம்பல் போத்தலையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். இஸ்திரிப் பெட்டி, கேத்தல், சோற்றுக் குக்கர் தடை. மின்னழுத்த எகிறலைத் தடுக்கும் கருவி (surge protector) பொருத்திய நீட்டிப்பு வயரையும் பறித்துவைப்பார்கள்.

கப்பல் புறப்படும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்குவது சூதாட்டம். மார்கழி மழையில் மன்னம்பிட்டியில் வெள்ளம் பாய்ந்தால் மட்டக்களப்பு வீதியும் மூடும், ரயிலும் நிற்கும். ஒருநாள் முன்னதாகவே கட்டுநாயக்கா பக்கம் போய்த் தங்கி, ஒருநாள் முன்னதாகவே ஏறுதுறை நகரில் இறங்குங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு: மரீனா பே ஒன்று, ஹார்பர்பிரண்ட் மற்றது. சீட்டில் எது என்று பார்த்த பின்பே டாக்சி பிடியுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை அங்கே போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் அரசாங்கத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கும் தளம் போலி. கப்பலில் திரும்பி வந்து இறங்கும்போது இன்னொரு தடவை நிரப்ப வேண்டும்.

பெரிய பெட்டிகளை வாசலில் வாங்கிவிடுவார்கள். அறைக்கு வர மாலையாகலாம். மருந்து, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடுப்பு கைப்பையில் இருக்கட்டும். குளிரூட்டி கடுமையாக இருக்கும், ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். பற்று அட்டையைக் கணக்கில் இணைத்தால், நீங்கள் செலவழிக்காத தொகையையும் பிடித்துவைப்பார்கள். வங்கி அதை விடுவிக்கப் பல நாள் செல்லும். கடன் அட்டை நல்லது. வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி வங்கியிடம் முன்பே சொல்லுங்கள். கைப்பேசியைப் பறப்பு நிலையில் போடாவிட்டால், கடலில் செய்மதி வழியாக இணைந்து பில் எகிறும்.

ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல்: அவசர அழைப்பு அது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கொஸ்டா கொன்கோர்டியா சரிந்தபோது அண்மையில் ஏறியவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன்பின் புறப்படும் முன்னோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. சாப்பாட்டுக் கூடத்தை விட்டு எழும்பிப் போங்கள்.

கரையில் இறங்கும்போது கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றா என்று பாருங்கள். கைப்பேசி ஊர் நேரத்தைக் காட்டும், கப்பல் தன் நேரத்தில் போகும். நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்கள் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். வெளியே வாகனம் பிடித்துப் போனவருக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போக வேண்டும். மலிவு என்று வெளியே போவதில் தவறில்லை, இரண்டு மணி நேரம் மிச்சம் வைத்துத் திரும்பினால் சரி.

கடைசி இரவு பெட்டிகளை நள்ளிரவுக்கு முன் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் உடுத்தும் உடுப்பையும் செருப்பையும் எடுத்துவைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். இரவுச் சாரத்தோடு சுங்கத்தைக் கடக்க நேரும் ஆண்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அன்றிரவே அறைத் தொலைக்காட்சியிலோ கைப்பேசிச் செயலியிலோ கணக்கைப் பார்த்து, வாங்காத குளிர்பானத்துக்கும் எடுக்காத படத்துக்கும் காசு ஏறியிருந்தால் உடனே கருமபீடத்துக்குப் போங்கள். காலையில் அங்கே வரிசை நீளும், கப்பலை விட்டு இறங்கிவிட்டால் மின்னஞ்சலில்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பயண ஆலோசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.