நான்கு மூலையிலும் ‘சேஃப் மோட்’: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“விண்டோஸ் போய்விட்டது, ஃபார்மட் செய்துவிடுங்கள்” என்று சொல்லி மடிக்கணினியைக் கொடுக்கிறீர்கள். திறந்தால் கறுப்புத் திரை, நான்கு மூலையிலும் ‘சேஃப் மோட்’ என்ற எழுத்து, பெரிது பெரிதாக ஐகான்கள். ஒலியும் வராது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. தயவுசெய்து ஃபார்மட்டுக்கு அவசரப்படாதீர்கள். எப்போதோ போட்ட ஒரு டிக் குறியை எடுக்க மறந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம்.

அத்தியாவசியமான டிரைவர்களையும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) பின்னணிச் சேவைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் எழும் நிலைதான் சேஃப் மோட். உள்ளே போக வழிகள் சில உண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், கணினி மீண்டும் தொடங்கியதும் 4-ஐ அழுத்துவது ஒன்று. இணையமும் வேண்டுமென்றால் 5. இப்படிப் போனால் அடுத்த முறை கணினி தானாகவே வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடும். ‘எம்எஸ்கான்ஃபிக்’ (msconfig) என்ற விண்டோஸ் அமைப்புக் கருவி வழியாகப் போனால் அப்படித் திரும்பாது. அதில் ‘சேஃப் பூட்’ கட்டத்தில் டிக் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோட்தான்.

எடுப்பது எளிது. விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் எம்எஸ்கான்ஃபிக் என்பதை ஆங்கில எழுத்துகளில் இடைவெளி விடாமல் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். ‘பூட்’ பக்கத்தில் சேஃப் பூட்டின் டிக்கை எடுத்து, ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறோம். கடவுச்சொல் நினைவில் இல்லாமல் அந்த டிக்கைப் போடவே போடாதீர்கள். தினமும் நான்கு இலக்கப் பின் எண்ணிலோ விரல் ரேகையிலோ நுழைந்து பழகியவர்களுக்குக் கடவுச்சொல் மறந்தே போயிருக்கும். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம். உள்ளே போனால்தான் டிக்கை எடுக்க முடியும். கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போக முடியாது. அப்படி மாட்டிக்கொண்டாலும் விண்டோஸ் மீட்புத் திரையில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்டிலிருந்து அந்தக் குறியை நீக்க முடியும். ஆனால் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் வட்டைப் பூட்டிய கணினியென்றால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் பூட்டிய வட்டிலிருந்து உங்கள் கோப்புகளை எங்களால் எடுத்துத் தர முடியாது.

டிக்கே இல்லை, கோளாறைத் தேடித்தான் சேஃப் மோடுக்குப் போனீர்கள் என்றால், அங்கே கணினி எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள். வழக்கமான நிலையில் உறைந்து நின்றது இங்கே ஒழுங்காக ஓடினால், சந்தேகம் அண்மையில் சேர்த்த டிரைவர் மேலோ மென்பொருள் மேலோதான் விழ வேண்டும். முதலில் அதை நீக்கிப் பாருங்கள். திரை மட்டும் தகராறு செய்திருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரிலிருந்து தொடங்குங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் அதை விட்டுவிட்டு அடிப்படைக் காட்சி டிரைவரை எடுத்துக்கொள்கிறது. இங்கேயும் அதே உறைவுதான் என்றால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளையோ வட்டையோ நினைவகத்தையோ சோதிக்க வேண்டும். அப்போது எங்களிடம் கொண்டு வாருங்கள்.

வரும்போது, கோளாறு தொடங்குவதற்கு முன் என்ன நிறுவினீர்கள், எந்த அப்டேட் வந்தது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வந்தால், எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று உடனே தெரிந்துவிடும்.

அன்புடன்,
பழுதுநீக்கும் பிரிவினர்