முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் பள்ளி முகப்பில் வளைவு கட்டுவதாகத் தீர்மானம் போட்டோம். வளைவு எழும்பவில்லை. பலரும் கேட்பதால் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளி திறந்த இரண்டாம் வாரம், எட்டாம் வகுப்பு அறையில் கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கடைசி பெஞ்சில் விழுந்தது. உள்ளங்கை அகலம்தான். மதிய இடைவேளை என்பதால் யாருக்கும் அடியில்லை. மறுநாள் நாங்கள் நாலு பேர் ஏணி போட்டு, சுத்தியலால் கூரையைத் தட்டிப் பார்த்தோம். நல்ல இடத்தில் ‘ணங்’கென்றது, உள்ளே விட்டுப்போன இடத்தில் ‘பொத்’தென்றது. ‘பொத்’தென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டோம். நான்கு அறைகளில் 31 வட்டங்கள்.

நம் உறுப்பினரான பொறியாளர் விளக்கினார். சிமென்ட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு நாளாவட்டத்தில் உள்ளே இறங்கி அந்தக் காப்பைக் கெடுத்துவிடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே பூசி வெள்ளையடிப்பதால் ஒரு பயனும் இல்லை. அதைத்தான் இதற்குமுன் மூன்று முறை செய்திருக்கிறோம். அந்தச் செலவுச் சீட்டுகளில் என் கையெழுத்தும் உண்டு.

இம்முறையும் முதலில் வந்த ஒப்பந்ததாரர் கொத்தாமலே பூசப் பார்த்தார். நிறுத்திவிட்டோம், ஒரு மாதம் வீணாயிற்று. பிறகு கம்பியின் பின்புறம்வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, இளைத்துப்போன கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே கலவை வைத்தோம். பள்ளிக் கிணறு உவர்ப்பு என்பதால் கலவைக்கும் நீராற்றவும் லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. இரண்டு அறைகள் முடிந்தன. மற்ற இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன; அந்தப் பிள்ளைகள் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

நவம்பர் 5, உலக சுனாமி விழிப்புணர்வு நாள். 1854இல் ஜப்பானில் ஒருவர் அறுத்து வைத்த நெற்கதிர்களைக் கொளுத்தி ஊராரை மேட்டுக்கு வரச் செய்ததன் நினைவாக, 2015இல் ஐ.நா. அறிவித்த நாள் அது. அன்று மாணவர்களை மேட்டுப்பக்கம் ஓடவைத்து ஒத்திகை பார்த்தோம். பின்வாசல்வரை நன்றாகத்தான் ஓடினார்கள். அங்கே பூட்டு துருப்பிடித்துத் திறக்கவே இல்லை. வாட்ச்மேன் கல்லெடுத்து உடைக்கும்வரை அத்தனை பேரும் கேட்டருகில் நின்றார்கள். இப்போது பித்தளைப் பூட்டு தொங்குகிறது. மாதம் ஒருமுறை எண்ணெய் விடும் பொறுப்பை நானே ஏற்றிருக்கிறேன்.

பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஸ்கேன் செய்யத் தொடங்கினோம். பிறந்த தேதிக்குச் சான்று கேட்டுப் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட வருகிறார்களே! பக்கங்களில் குத்தியிருந்த குண்டூசிகள் துருவாகி, சில பெயர்களின் நடுவே பழுப்பு ஓட்டை விழுந்திருக்கிறது. ஊசிகளைப் பிடுங்கி நூலால் கட்டினோம்.

விளையாட்டு விழா, பரிசளிப்பு, ரத்ததான முகாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஐந்து முறை கூடியது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதமுள்ள இரண்டு அறைகளுக்குக் கையிருப்பு போதாது. வளைவு நிதி முழுவதையும் கூரைக்கு மாற்ற அனுமதி கோரும் தீர்மானத்தை அவையின் முன் வைக்கிறேன்.

செயலாளர்