வடக்குக் கொல்லை

பேராவூரணி
ஆடி 3, சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அக்கா வீட்டிலும் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். புளியமரத்து எல்லைப் பேச்சு ஒருவழியாக முடிந்துவிட்டது. சின்னத் தாத்தா வீட்டார் கல்லை இருந்த இடத்திலேயே நடுவதற்கு ஒப்புக்கொண்டார்கள். இனி நீ அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சித்திரை மாதம் பேசியபோது, வடக்குக் கொல்லை இப்போது சென்ட் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால், விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அதன் பிறகு நீயும் கேட்கவில்லை. நான் இன்றுவரை யாரிடமும் விலை விசாரிக்கவில்லை. ஆனால் அந்த இருபது சென்டில் இப்போது என்ன இருக்கிறது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

நீ சிறுவனாக இருந்தபோது அங்கே பதினான்கு தென்னை மரங்களின் நிழல். மஞ்சளும் சேம்பும் தவிர வேறொன்றும் வராது என்று ஆத்தா சொல்லுவார்கள். கஜா புயலுக்குப் பிறகுதான் அந்த மண் முழு வெயிலைப் பார்த்தது. மணற்பாங்கான மண் என்பதால் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்திற்குள் கீழே இறங்கிவிடுகிறது. அதற்காக ஒவ்வொரு பாத்தியின் அடியிலும் முழங்கால் ஆழத்திற்குப் பள்ளம் எடுத்து, தேங்காய் உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு அடுக்கு பரப்பி, மேலே எருவும் மண்ணும் போட்டு மூடினேன். ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணம்போல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சென்ற கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் கொடுத்தே கத்தரியைக் காப்பாற்றிவிட்டேன்.

இப்போது கிணற்றுப் பக்கம் நான்கு பாத்தி கத்தரி, அதற்கு அடுத்து இரண்டு பாத்தி வெண்டை, வேலியோரம் பீர்க்கும் புடலையும் பந்தலில் ஏறியிருக்கின்றன. அவரை விதையை ஆடிப்பெருக்கு அன்று ஊன்ற வைத்திருக்கிறேன். அது பொழுது குறையும் காலத்தில்தான் பூவெடுக்கும் என்பதால் தை வரை காத்திருக்க வேண்டும். தை மாதம் நீ வருவதாக இருந்தால் பந்தல் முழுவதும் காயாக இருக்கும். சென்ற இரண்டு பொங்கலுக்கும் அம்மா அவரைக்காயை நீ வருவாய் என்று பறிக்காமல் விட்டு, கடைசியில் அது முற்றி விதையாகிப் போயிற்று. அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. இப்போதும் குறையாகச் சொல்லவில்லை.

வெண்டையில் ஆறு செடிகளுக்கு மஞ்சள் தேமல் வந்துவிட்டது. இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் மருந்தால் பயனில்லை. அந்தச் செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்திவிட வேண்டும், இல்லையென்றால் வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோய்விடும். பிடுங்க மனம் வராமல் இரண்டு நாள் தள்ளியதில் இரண்டு ஆறாயிற்று. மீதிச் செடிகளுக்கு வேப்பெண்ணெயில் சிறிது காதி சோப்புக் கரைத்துத் தெளித்தேன். மஞ்சள் வண்ணம் பூசிய தகரத்தில் விளக்கெண்ணெய் தடவி நடுவில் நட்டிருக்கிறேன். மாலையில் பார்த்தால் அதில் ஈக்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கின்றன.

கத்தரியிலும் ஒரு தொல்லை. நேற்றுக் காலை மூன்றாவது பாத்தியில் ஒரு செடியின் நுனிக் குருத்து மட்டும் தலை கவிழ்ந்திருந்தது. மற்ற இலைகள் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் வாடிய இடத்திற்கு ஒரு விரல் கீழே கிள்ளி, அந்தத் தண்டை நகத்தால் பிளந்து பார்த்தேன். உள்ளே வெளிர்சிவப்பாக ஒரு புழு. அது போன வழியெல்லாம் தண்டு குழலாகிக் கிடந்தது. வெளியே குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதையும் எச்சம் அடைத்திருந்ததால் கண்ணில் படவில்லை. அந்தத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு உன்னை நினைத்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

தம்பி, நீ வீட்டு வாசலுக்கு வெளியே பெயின்ட் வாளியில் வைத்திருந்த மிளகாய்ச் செடி என்ன ஆயிற்று? அங்கே சிங்கப்பூரில் தேக்கா கடைத்தெருவில் வாங்கிய காய்ந்த மிளகாயிலிருந்து விதையெடுத்து முளைக்க வைத்தேன் என்று எவ்வளவு பெருமையாகப் படம் அனுப்பினாய். அந்தப் படத்தை நான் நம் தெருவில் காட்டாத ஆள் இல்லை. வாரம் தவறாமல் படம் வந்துகொண்டிருந்தது. மாசிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போன மாதம் நீ அம்மாவுடன் முகம் பார்த்துப் பேசியபோது உன் பின்னால் தெரிந்தது வேறு சுவர். பழைய அறையின் நீலச் சுவர் இல்லை. வாளியும் இல்லை. அறை மாறினாயா என்று அம்மா கேட்டதற்கு, வெளிச்சம் அப்படித் தெரிகிறது என்றாய். அம்மா நம்பிவிட்டாள்.

செடி இருந்தால், வேர்வரை நனையும்படி நிறுத்தி ஊற்று. மேலாக நனைத்துவிட்டுப் போகாதே. வாளியின் அடியில் துளை இருக்கிறதா என்று பார். பட்டுப்போயிருந்தாலும் வருத்தப்படாதே, விதை முளைக்க இரண்டு வாரம்தான் ஆகும். நேரத்திற்குச் சாப்பிடு. யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே. கூடப் படித்தவனாக இருந்தாலும், நம் ஊர்க்காரனாக இருந்தாலும் போடாதே. போட்டுவிட்டாய் என்றால் அதையும் சொல்லிவிடு.

நீ அனுப்பும் பணம் முன்பு ஐந்தாம் தேதி வந்துவிடும். வைகாசியிலிருந்து இருபதாம் தேதிக்கு மேல் வருகிறது. தாமதத்தை நான் குறை சொல்லவில்லை. தொகை ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வருகிறதே, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அக்கா கல்யாணத்தை மூன்றே ஆண்டுச் சம்பளத்தில் தலைநிமிர்ந்து நடத்திவைத்த பிள்ளை நீ. உன் வயதில் நான் அதில் பாதிகூடச் செய்யவில்லை. உனக்குக் கணக்குத் தெரியாது என்று நான் ஒருபோதும் நினைக்க மாட்டேன். ஆனால் நேரத்திற்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் தெரியவில்லை; தாடை எலும்பு தெரிகிறது என்று அம்மா சொல்கிறாள்.

தென்னையைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். 2019 தை மாதம் நட்ட பதினோரு கன்றுகளில் இரண்டைக் காண்டாமிருக வண்டு குருத்தோடு தின்றுவிட்டது உனக்குத் தெரியும். அழுகிய தென்னந்தண்டிலும் எருக்குழியிலும்தான் அந்த வண்டு முட்டையிடும். விழுந்த மரங்களை நான் உடனே அகற்றியிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். இப்போது மாதம் ஒருமுறை வேப்பம் புண்ணாக்குத் தூளையும் மணலையும் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து குருத்தைச் சுற்றிய மட்டை இடுக்குகளில் வைக்கிறேன். மீதி ஒன்பதும் நன்றாக இருக்கின்றன. கிணற்றோரத்துக் கன்றில் ஆனி மாதம் முதல் பாளை வந்தது. நெட்டை மரத்திற்கு ஆறு ஏழு ஆண்டு ஆகும் என்பார்கள். சொன்ன காலத்தில் வந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் மட்டைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். பிறகு வெண்டைக்கும் கத்தரிக்கும் அங்கே வெயில் போதாது. அந்தப் பாளையைப் பார்த்தபோது மகிழ்ச்சிக்குப் பதில் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், சொல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தது. செல்போன் கோபுரங்கள் விழுந்து போன் இல்லாமல் கிடந்து, நான்காம் நாள் உன் அழைப்பு வந்தது. நீ பேசவே முடியாமல் அழுதாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "எல்லாம் நன்றாக இருக்கிறது, நாலு ஓடு பறந்தது, இரண்டு மரம் சாய்ந்தது, அவ்வளவுதான்" என்றேன். பதினோரு மரம் விழுந்திருந்தது. அடுப்படிச் சுவர் இடிந்து, அம்மா மாட்டுக்கொட்டகையில் சமைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு அக்கா கல்யாணத்திற்கு வந்தபோது நீ பை இறக்கிய கையோடு கொல்லைக்குப் போய், அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத் திரும்பி வந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேசவில்லை. கல்யாண வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ எண்ண முடியாத ஒன்றும் இருந்தது. நிவாரணத் தொகை மரங்களை அறுத்து அகற்றுவதற்கே சரியாகப் போயிற்று. சுவரும் கூரையும் எடுக்க, கன்று வாங்க, அந்த வடக்குக் கொல்லைப் பத்திரத்தை ஒருவரிடம் வைத்து 1,20,000 ரூபாய் வாங்கினேன். வட்டி ஏறிக்கொண்டே போயிற்று. 2022-இல் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை விற்றுத்தான் அதை மீட்டேன். சங்கிலி எங்கே என்று நீ கேட்டபோது, கழுத்தில் உறுத்துகிறது என்று பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று அம்மா சொன்னாள் அல்லவா, அது நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை. வாழ்நாளில் உன்னிடம் பொய் சொல்லாத அவளையும் சொல்ல வைத்தேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று எழுதிப்போட்டவன் நான். தூரத்தில் இருக்கும் பிள்ளை கவலைப்படக் கூடாது என்று நினைத்தேன் என்பது உண்மைதான்; ஆனால் மகனிடம் கைநீட்டும் நிலை வந்துவிட்டதே என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அன்று உன்னிடம் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று எந்தக் குரலில் சொன்னேனோ, நான்கு மாதமாக நீ "நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்று அதே குரலில் சொல்கிறாய். வேறு யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரிகிறது. என்னைப் பார்த்துத்தான் நீ இதைக் கற்றுக்கொண்டாய் என்பதை எழுதக் கை நடுங்குகிறது, என்னை மன்னித்துவிடு.

பத்திரம் இப்போது மேல் அலமாரியில், உன் சான்றிதழ்கள் இருக்கும் தகரப்பெட்டியில் இருக்கிறது. வில்லங்கம் ஒன்றும் இல்லை. உனக்குத் தேவை என்றால் கொல்லையைக் கொடுத்துவிடலாம். தென்னையைப் பற்றியோ என்னைப் பற்றியோ நினைத்துத் தயங்காதே. பாத்திகளைக் கிழக்கு வாசல் பக்கம் மாற்றிக்கொள்வேன். அங்கே அரை நாள் வெயில் இருக்கிறது, கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது போதும். பந்தல் மூங்கில்களையும் அப்படியே பெயர்த்துவிடலாம். தேவை இல்லை, நான் வீணாகக் கற்பனை செய்திருக்கிறேன் என்றால் அதையும் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பீர்க்கம்பூ மாலை ஐந்து மணிக்கு மேல்தான் விரிகிறது. ஆடிக்காற்றில் வண்டு சரியாக வருவதில்லை என்பதால், ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அடியில் சிறு பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் நானே தொட்டு வைக்கிறேன். அதனால் அந்த நேரத்தில் தினமும் பந்தலடியில்தான் இருப்பேன், போனும் சட்டைப்பையில் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புகிறாள். இங்கே மாலை ஐந்து மணி என்றால் உங்கள் ஊரில் ஏழரை மணி, நீ வேலை முடித்து வந்திருப்பாய். கூப்பிடு.

அப்பா